கொறங்காட்டுக்கு டிஃப்டன் அருகா, கொழுக்கட்டைப்புல்லா?

மூலனூரான்:
வணக்கம்ங்க. மூலனூர் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடு. அப்பா காலத்தில் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் நின்ற காடு. ஐந்தாறு வருடமாக ஆடு மாடு எந்நேரமும் உள்ளேயே கிடந்ததில் பாதி இடம் வெறும் செம்மண்ணாகிவிட்டது. காங்கேயம் பசு 2, கன்று 1, செம்மறி 12 இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் புல் விதைக்க வேண்டும். மேய்க்கவும் வேண்டும், கொஞ்சம் அறுத்துக் காயவைத்துக் கோடைக்கு வைக்கவும் வேண்டும். இணையத்தில் "டிஃப்டன் 85 விதை, அமெரிக்க அருகு" என்று பாக்கெட் விற்கிறார்கள். வாங்கலாமா?

கிளுவைவேலி:
தம்பி, அந்தப் பாக்கெட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். டிஃப்டன் 85 நல்ல புல்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. ஆனால் அது விதை பிடிக்காத ஒட்டு ரகம், கொடியை வெட்டித்தான் நடுவார்கள். அவரே 1943-ல் கொண்டுவந்த கோஸ்டல் அருகுக்கும் கொடி நடவுதான். ஆக, பாக்கெட்டில் வருவது வேறு ஏதோ ஒரு புல்.

அப்புறம், அந்த ஊரில் ஆண்டுக்கு 1,200 மி.மீ. அளவுக்கு மழை. நமக்கு 600-ஐ ஒட்டித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அங்கே தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டு அறுப்பு எடுக்கிறார்கள். உங்களுடையது மானாவாரிக் காடு. போன கொழுக்கட்டையையே திரும்பக் கொண்டுவாருங்கள்.

பால்பண்ணை_தாராபுரம்:
பாக்கெட் வேண்டாம் என்பது சரி. மற்றதில் எனக்கு ஒப்புதல் இல்லை அண்ணா. 4 ஏக்கரையும் கொழுக்கட்டைக்கே விட்டால் பங்குனியில் மாட்டுக்கு என்ன போடுவார்? கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் என்ற ஒட்டுத் தீவனப்புல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் பச்சைத்தீவனம் தரும் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. நான் அதில் பாதிதான் எடுக்கிறேன், அதுவே போதுகிறது. 50 சென்டில் தண்டுக் கரணை ஊன்றி, 45 நாளுக்கு ஒருமுறை அறுத்து, சாஃப் கட்டரில் நறுக்கிப் போட்டால் 2 பசுவுக்கும் கவலை இல்லை. 2016 வறட்சியில் அப்பா எங்கள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது நானும் கூடவே நடந்தேன். இன்னொரு முறை அப்படி நடக்க என்னால் முடியாது.

கிளுவைவேலி:
அந்த வருடம் எங்கள் பட்டியும் பாதி காலியானது தம்பி, அதனால்தான் சொல்கிறேன். நேப்பியருக்கு 10 நாளுக்கு ஒரு தண்ணீர் வேண்டும். வறட்சியில் முதலில் கைவிடுவது போர்வெல். மேலும் அது அறுப்புக்கான புல், மாட்டை உள்ளே விட்டால் மிதித்தே தீர்த்துவிடும். கொழுக்கட்டை அப்படியில்லை. சித்திரையில் செத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும் தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையோடு வராது. அடித்தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். ஒரு கோடை மழை போதும், துளிர்த்துவிடும்.

வெள்ளகோவில்_அக்கா:
அமெரிக்க அருகை விடுங்கள், நம்ம நாட்டு அருகு இல்லையா? "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று சும்மாவா வாழ்த்துகிறோம்? எங்கள் கிணற்றுமேட்டில் செம்மறி ஒட்ட மேய்ந்தாலும் நாலு நாளில் பச்சை கட்டிவிடும்.

கிளுவைவேலி:
கிணற்றுமேட்டில் ஈரம் இருக்கிறதுங்க அக்கா. கல்லாங்காட்டில் அருகு விரல் நீளம்தான் வரும். ஆடு மேயும், அரிவாளுக்குச் சிக்காது. பக்கத்துக் காட்டுக்காரர் மஞ்சளோ வெங்காயமோ போட்டால், வேலி தாண்டிய கொடியைத் தோண்டித் தோண்டி அவருக்கு ஆயுசு போய்விடும்.

மூலனூரான்:
கொழுக்கட்டை என்றே வையுங்கள் அண்ணா. எப்படி விதைப்பது?

கிளுவைவேலி:
ஏக்கருக்கு 3 கிலோ விதை. இப்போது உருவிய புது விதை சரியாக முளைக்காது, சில மாதம் கிடந்து பழகியதாகப் பாருங்கள். விதை பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈர மணலோடு பிசறித் தூவ வேண்டும். ஆழ உழாதீர்கள். மேலாகக் கீறித் தூவிவிட்டு ஒரு முள்கிளையை இழுத்தாலே போதும், ஆழத்தில் விழுந்த விதை மேலே வராது. இடையில் முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியின் விதையும் கொஞ்சம் கலந்து தூவுங்கள். வெள்வேல் மரங்களில் கைவைக்காதீர்கள், கோடையில் அந்தக் காய்தான் செம்மறிக்குத் தீனி.

முதல் வருடம் புல் விதை உதிரும் வரை படலைச் சாத்தியே வையுங்கள். அறுப்பு அடுத்த வருடம்தான். கதிர் வெளியே தலைகாட்டும்போதே அறுத்துவிட வேண்டும், விதை முற்றினால் தண்டில் சத்து இருக்காது. பனி உலர்ந்தபின் அறுத்து, பரப்பி, புரட்டிவிடுங்கள். கணுவை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். ஒடியாத புல்லை ஒருமுறை அவசரப்பட்டுப் போர் போட்டேன். நாலாம் நாள் உள்ளே கைவிட்டால் சுடுகிறது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பால்பண்ணை_தாராபுரம்:
ஒரு வருடம் படலைச் சாத்தினால் 12 செம்மறியும் எங்கே போகும்? அதற்குத்தான் நேப்பியர் என்கிறேன்.

கிளுவைவேலி:
2 ஏக்கர் விதைக்கட்டும், 2 ஏக்கர் மேயட்டும். நடுவில் கிளுவை மரத்துப் போத்து (வெட்டிய கிளை) நட்டு வேலி கட்டலாம்.

மூலனூரான்:
இப்போது இருக்கிற நிலையில் 2 ஏக்கர் ஒரு மாதம்கூடத் தாங்காதுங்க. கிணற்றில் தண்ணீர் இருக்கிற வரை 20 சென்ட் நேப்பியர் போட்டுக்கொள்கிறேன். விதைப்பு 2 ஏக்கரில் கொழுக்கட்டைதான். போன வருடத்து விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளகோவில்_அக்கா:
கிணற்றுமேட்டு அருகை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் தம்பி. ஆனால் எங்கள் கொறங்காட்டில் போன தை மாதம் உருவியது ஒரு சாக்கில் இருக்கிறது. ஏழெட்டுக் கிலோ தேறும். புரட்டாசிக்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.