சும்மா சைக்கிள் ஓடுறதுக்கும் தனி உடுப்பு வேணுமோ?

வணக்கம் உறவுகளே, நானும் மனிசியும் பின்னேரங்களில கிளிநொச்சியில இருந்து இரணைமடுப் பக்கம் சைக்கிள் ஓடத் தொடங்கியிருக்கிறம், ரேஸ் ஒண்டும் இல்லை, உடம்புக்கு நல்லதெண்டுதான், ஆனா பாட் (சீற்றில இருக்கேக்க நோகாம உள்ளுக்க தைக்கிற மெத்தை) வச்ச இறுக்கக் காற்சட்டை, ஜெர்சி எல்லாம் கட்டாயம் எண்டு சிலர் சொல்லினம், விலையைப் பாத்தா யோசனையாக் கிடக்கு. எங்கட சனம் சாரத்தோடயும் சீலையோடயும் காலங்காலமா உழக்கினதுதானே, ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு இதெல்லாம் தேவையோ?

எனக்கு விளங்கின அளவில ஜீன்ஸ்தான் சரிவராது, கவட்டுக்க வாற தடிச்ச தையல் சீற்றில உரஞ்சி உரஞ்சி தொடை புண்ணாகும். பருத்தி ரீசேட் வேர்வையைக் குடிச்சு முதுகோட ஒட்டிக்கொண்டு நிக்கும், பொலியெஸ்டர் விளையாட்டு ரீசேட் எண்டா சோளகக் காத்துக்கு டக்கெண்டு காஞ்சிடும். அது வீட்டிலயே கிடக்கு.

பரந்தனால முல்லைத்தீவு மட்டும் ஒருநாள் ஓட ஆசை, 50 கிலோமீற்றருக்கு மேல வரும், அதுக்கெண்டாலும் பாட் காற்சட்டை வாங்கத்தான் வேணுமோ? அதுக்குள்ள ஜட்டி போடாமத்தான் போடவேணும், அப்ப ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தோய்க்கவேணும், ஒண்டு காணுமோ?

மனிசி சுடிதாரோடதான் ஓடுறா, சால் சில்லுக்க போயிடுமோ எண்டு எனக்கு ஒரே பயம். அக்காமார் தங்கச்சிமார் என்ன போட்டு ஓடுறியள் எண்டு சொன்னா பெரிய உதவி. ஹெல்மெட்டும் இருட்டில மின்னுற மேலங்கியும் வாங்கியாச்சு, ஏ9 ரோட்டில அதுக்குக் காசு பாக்கேலாது.

வவுனியாவிலயோ கிளிநொச்சியிலயோ போட்டுப் பாத்து வாங்கக்கூடின கடை தெரிஞ்சாலும் சொல்லுங்கோ.