குரூப் 4: படிக்கிறேன், ஆனா நிக்க மாட்டேங்குது

கொழுந்துக்காரி, கோத்தகிரி பக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். டிஎன்பிஎஸ்சி நடத்துற குரூப் 4 அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். காலையில கொழுந்து எடுக்கப் போனா, எடை போட்டுட்டு வந்து சமைச்சு முடிக்க ராத்திரி எட்டாயிடும். அதுக்கப்புறம்தான் புத்தகம். ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்துல ஆரம்பிச்சு வரி விடாம படிக்கிறேன். முக்கியமான இடத்துக்கு ஹைலைட்டர் அடிச்சு அடிச்சு இப்ப பக்கமே மஞ்சளா கிடக்கு. பத்தாம் வகுப்புக்கு வந்தா எட்டாம் வகுப்புல படிச்சது காணோம். கோச்சிங் போக வசதி இல்ல. என்ன பண்றது?

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
முதல்ல அந்த ஹைலைட்டரை பீரோவுல வச்சுப் பூட்டும்மா.

மொத்தம் 200 கேள்வி, 300 மார்க். அதுல தமிழ் மட்டும் 100 கேள்வி. அந்த 150 மார்க்குல 60 வரலேன்னா மீதியைத் திருத்தவே மாட்டாங்க. உன் ராத்திரி நேரத்துல பெரும்பங்கு எதுக்குப் போகணும்னு இதுலயே தெரியுதுல்ல?

புத்தகத்துக்கு முன்னாடி பழைய வினாத்தாளைத் திற. டிஎன்பிஎஸ்சி தளத்துலயே கிடைக்கும். இந்தப் பாடத்துல எதைக் கேக்கறாங்க, எப்படிக் கேக்கறாங்கன்னு பாத்துட்டு உள்ள போ. நம்ம மலைப் பிள்ளைங்க வழுக்கி விழற இடம் ஒண்ணு சொல்றேன். மேற்குத் தொடர்ச்சி மலையில உயரமான சிகரம் எதுன்னு கேட்டா கை தானா தொட்டபெட்டாவுக்குப் போகும். அது 2,637 மீட்டர், தமிழ்நாட்டுல அதுதான் உசரம். ஆனா மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆனைமுடி, 2,695 மீட்டர், கேரளாவுல இருக்கு. ரெண்டுக்கும் நீ மஞ்சள் அடிச்சிருப்ப. கேள்வியோட போனவளுக்குத்தான் 'தமிழ்நாட்டில்'ங்கிற ஒத்தை வார்த்தை கண்ணுல படும்.

பக்கம் முடிஞ்சதும் மூடிட்டு, பாக்காம ஒரு பழைய நோட்டுல எழுது. வராததை மட்டும் திரும்பப் படி. ரோடிகர், கார்ப்பிக்கேன்னு அமெரிக்காக்காரங்க ரெண்டு பேர் காலேஜ் பிள்ளைங்களை வச்சு இதைச் சோதிச்சு 2006-ல எழுதினாங்க. திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முந்தினாங்க. ஒரு வாரம் கழிச்சு வச்சப்போ, பாக்காம நினைச்சு எழுதினவங்கதான் மேல. உன் பரீட்சை அஞ்சு நிமிஷத்துலயா வருது?

கூடலூர் அண்ணன்:
சார் சொன்னது பொது அறிவுக்கு நூத்துக்கு நூறு. தமிழ் இலக்கணத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன். 'ஊறுகாய்' வினைத்தொகைன்னு வினாத்தாளைப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு, 'குடிநீர்' வந்தா முழிப்பீங்க. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய்னு மூணு காலத்துக்கும் விரியுதான்னு பாக்கணும், விரிஞ்சா அது வினைத்தொகை. இந்த விதியைப் பிடிச்சிட்டீங்கன்னா எந்த உதாரணம் வந்தாலும் பயமில்ல. அதனால தங்கச்சி, இலக்கணப் பாடத்தை மட்டும் முழுசா படிச்சிட்டு அப்புறம் வினாத்தாளுக்குப் போங்க.

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
தம்பி சொல்றது நியாயம். இலக்கணத்துக்கு அப்படியே செய்.

கொழுந்துக்காரி, கோத்தகிரி பக்கம்:
ரொம்ப நன்றிங்க அய்யா, அண்ணா. ஆனா பக்கத்துக்குப் பக்கம் மூடி வச்சு எழுதினா ராத்திரிக்கு ஒரு பாடம்கூட முடியாதே?

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
முடியாட்டி போகுது, பாதிப் பாடம் படி. எழுதின நோட்டை மறுநாள் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போ. டீ குடிக்க உக்காரும்போது பக்கத்து நிரையில எடுக்கிறவங்ககிட்ட கொடுத்து உன்னைக் கேள்வி கேக்கச் சொல்லு. தப்பாச் சொன்னதுக்கு அவங்களையே ஒரு புள்ளி வைக்கச் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை புள்ளி வச்சதை மட்டும் பாரு.