தோல் ‘தடிப்பா’, ‘கனமா’? மீயொலிப் படம் சொல்லும் மூன்று செய்திகளுக்கு மூன்று சொற்கள் வேண்டும்

மடல் 1

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். வீடு காசிமேடு. இங்கே நடக்கும் விவாதங்களை இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

என் அக்கா மீன் விற்கிறாள். ஐஸிலேயே ஊறிய கை. நாலு வருடத்துக்கு முன்னால், ஐஸ் பெட்டியைத் திறந்தாலே விரல் நுனி வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடு பட்டதும் செக்கச்செவேலென்று சிவக்கத் தொடங்கியது. ஐஸ் வேலை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். அதற்கு ரேனாட் என்று பெயர் உண்டு, தோல் இறுகுவதற்குப் பல வருடம் முன்பே அது தலைகாட்டலாம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அடுத்து விரல் உப்பியது. மோதிரம் ஏறவில்லை. தோல் மினுமினுத்தது. ஸ்க்ளீரோடெர்மா என்றார்கள், தோல் இறுகும் நோய். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நம் உடம்பையே தாக்கும் நோய்களில் ஒன்று.

அவள் கையில் கொடுத்தனுப்பிய தமிழ்த் தாளில் ‘தோல் தடிப்பு’ என்று அச்சிட்டிருந்தது. எங்கள் பக்கம் தடிப்பு என்றால் இறால் ஒத்துக்கொள்ளாமலோ பூச்சி கடித்தோ திட்டுத் திட்டாக எழும்பி அரிக்குமே, அதுதான். அக்கா தாளை மருந்துக் கடையில் காட்டினாள். அரிப்பு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் அதையே போட்டுக்கொண்டு, மறுபடி டாக்டரிடம் போகாமலே இருந்துவிட்டாள். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் ஒழுங்காகவே யோசிப்போம். இந்த நோயில் தோலை டாக்டர்கள் வழக்கமாக விரலால் கிள்ளித்தான் பார்க்கிறார்கள். முகம், மார்பு, வயிறு, பிறகு இரண்டு பக்கமும் விரல்கள், புறங்கை, முன்கை, மேல்கை, தொடை, கால், பாதம் என்று 17 இடம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 51. ராட்னன் மதிப்பெண் என்று பெயர். கருவியே வேண்டாம், நல்ல முறைதான். ஆனால் ஒருவர் 2 போடும் இடத்தில் இன்னொருவர் 1 போடலாம். அதைவிட முக்கியம், கிள்ளும் விரலுக்குத் தோல் பருத்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ‘கிள்ள வரவில்லை’ என்ற ஒரே சேதியாகத்தான் வரும்.

மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அந்த முடிச்சை அவிழ்க்கிறது. தோலின் பருமனை மில்லிமீட்டரில் அளக்கிறது. தோலுக்குள் சிறு அதிர்வை உண்டாக்கி, அது பக்கவாட்டில் ஓடும் வேகத்தைப் பார்த்து விறைப்பைச் சொல்கிறது. இறுகிய இடத்தில் வேகம் கூடும். மூன்றாவதாக, உள்ளே போன ஒலி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுகிறது. நோயின் தொடக்கத்தில் நீர் கோத்த தோல் பருத்திருக்கும், ஆனால் திரும்பி வரும் ஒலி குறைவு, படத்தில் மங்கல். பிறகு கொலாஜன் என்ற புரத நாரிழைகள் நெருக்கமாகப் படிந்தபின் ஒலி அதிகம் திரும்பும், படம் பளிச்சிடும். வருடங்கள் போனால் தோல் மெலிந்தே போகும். பருமனை மட்டும் பார்ப்பவர் ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடுவார். ஆகவே ஒரே சொல் போதாது, மூன்று வேண்டும்.

என் முன்மொழிவு: பருமனுக்குத் ‘தோல் கனம்’. விறைப்புக்கு ‘இறுக்கம்’. மூன்றாவதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. டாக்டர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டும்போது ‘பிரைட்’, ‘டார்க்’ என்பார்கள். அதை ‘வெளிர்’, ‘கருமை’ என்று எழுத எனக்குப் பயம். இந்த நோயில் தோலின் நிறமே சில இடத்தில் வெளுக்கும், சில இடத்தில் கறுக்கும். படத்தின் கருமையைக் கையின் கருமை என்று படித்துவிட்டால், தடிப்புக்கு நேர்ந்த கதைதான் மறுபடியும். உதவுங்கள்.

மடல் 2

அன்புள்ள தங்கைக்கு,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். 31 வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன். உங்கள் அக்கா நலமடைய வேண்டும்.

மூன்றாவது சொல்லை முதலில் எடுக்கிறேன். எக்கோவுக்கு ‘எதிரொலி’ நிலைத்த சொல். அதிலிருந்து ‘எதிரொலிப்பு’ என்று பண்புப்பெயர் ஆக்கலாம் என்று தோன்றும். ஆக்காதீர்கள். ஒளி பட்டுத் திரும்புவதற்குப் பாடநூலில் ‘எதிரொளிப்பு’ என்றே இருக்கிறது. லகர ளகரம் பிரித்துச் சொல்ல வைப்பதற்குள் வகுப்பில் பாதி நேரம் போய்விடும். வியாசர்பாடிப் பையனும் சரி, வேறு யாரும் சரி, இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். ‘மீளொலி’யும் வேண்டாம். ‘மீயொலி’க்கும் அதற்கும் ஒரே எழுத்துதான் வேறுபாடு, உங்கள் தட்டச்சில் ஒருநாள் கட்டாயம் மாறும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஒளி திரும்புவதற்குத் ‘தெறிப்பு’ என்கிறார்கள். பந்து சுவரில் பட்டுத் தெறிப்பது போல. அதை எடுத்துக்கொள்ளலாம். அதிகம் திரும்பினால் மிகுதெறிப்பு, குறைந்தால் குறைதெறிப்பு, சுற்றியுள்ளதைப் போலவே இருந்தால் நிகர்தெறிப்பு, நீர்க்கட்டி போல ஒன்றுமே திரும்பாவிட்டால் தெறிப்பிலி. நான்கும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. கலைச்சொல்லில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

‘கனம்’ எனக்கு உடன்பாடில்லை. எடை என்ற பொருள் அதில் வலுவாக இருக்கிறது. நோயாளி ‘கை கனமா இருக்கு’ என்றால் அது வேறு வேதனை. பாடநூலில் கன அளவு வேறு குறுக்கே வரும். ‘தடிமன்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

ஒரு கேள்வியும் உண்டு. வயிற்றைப் பார்க்கும் அதே கருவியால் தோலைப் பார்க்க முடியுமா?

மடல் 3

ஐயாவுக்கு வணக்கம்.

கேள்விக்கு முதலில் பதில். வயிற்றுக்குச் சுமார் 3.5 மெகாஹெர்ட்ஸ் புரோபு, உடம்பின் மேல் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவி. திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று வைத்தால் அதன் அலைநீளம் 0.44 மி.மீ. தோலே பல இடங்களில் ஒன்றிரண்டு மி.மீ.தான், அந்த முழக்கோலால் அதை அளக்க முடியாது. 20 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.077 மி.மீ. ஆகிவிடும். ஆழம் போகாது, தோலுக்கு ஆழம் தேவையும் இல்லை. ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோபை அழுத்தாமல் மிதக்க விட வேண்டும். அழுத்தினால் தோல் நசுங்கி அளவு குறைந்துவிடும். மீயொலித் துடிப்பால் தோலை அளக்கலாம் என்று அலெக்சாண்டரும் மில்லரும் காட்டியது 1979-இல். கிள்ளிப் பார்க்கும் மதிப்பெண்ணுக்கு வழி திறந்த ராட்னன் குழுவின் கட்டுரையும் அதே வருடம்தான். இதைப் படித்தபோது மனசுக்குள் ஒரு சிலிர்ப்பு.

‘தெறிப்பு’ கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரியப்பா விசைப்படகில் போனவர். மீன் பார்க்கும் மெஷினில் அடி பாறையாக இருந்தால் கோடு அழுத்தமாக விழும், சேறாக இருந்தால் மங்கும் என்பார். நீர் கோத்த தோல் சேறு மாதிரி, நாரிழை இறுகிய தோல் பாறை மாதிரி என்று அக்காவுக்குச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு தயக்கம். எங்கள் பக்கம் ‘விண்ணு விண்ணுனு தெறிக்குது’ என்பது வலி. ரிப்போர்ட்டில் முதல் முறை வரும்போது ‘ஒலித்தெறிப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஒளியோடு குழம்பவும் வழியில்லை, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒளிக்கு இடமே கிடையாது.

தடிமனில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் ஐயா, மன்னிக்கவும். நீங்கள் சொன்ன அதே இலங்கையில் தடிமன் என்றால் சளி, ஜலதோஷம். இங்கேயோ ‘தடி’ என்று தொடங்கினாலே அரிப்புதான் நினைவுக்கு வரும். அக்காவின் இரண்டு மாதம் அந்த வேரில்தான் போயிற்று. கனத்தில் எடை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கனத்த அட்டை’ என்றால் யாரும் தராசைத் தேடுவதில்லை. என் அப்பா பெரியமேட்டில் தோல் மண்டியில் வேலை பார்த்தவர். விரலிடுக்கில் தோலை வைத்துத் தடவி ‘கனம் பத்தாது’ என்று ஒதுக்குவார், எடையைச் சொன்னதே இல்லை. பக்கத்தில் மி.மீ. இருந்தால் சொல் தானே நேராக நிற்கும். கன அளவு என்பது தோல் ரிப்போர்ட்டில் வரப்போவதில்லை. புணர்ச்சி விதிப்படி ‘தோற்கனம்’ என்று யாராவது திருத்த வந்தால், அதை மட்டும் தயவுசெய்து பொறுத்தருளட்டும். தோல் என்ற சொல் கண்ணில் பட்டால்தான் அக்கா மேலே படிப்பாள்.

நேற்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன், எண் மாதிரிக்குத்தான்: ‘வலது முன்கை: தோல் கனம் 1.8 மி.மீ.; இறுக்கம் கூடுதல்; ஒலித்தெறிப்பு குறைவு, நீர்க்கோப்பு நிலை.’ அக்காவிடம் படித்துக் காட்டினேன். ‘இதுல அரிப்புன்னு எங்கயும் இல்லியே’ என்றாள்.

இன்னும் ஒன்று பாக்கி. தோல் அடியில் உள்ள திசுவோடு பிடித்துக்கொண்டு நகராமல் போகும் நிலைக்குச் சொல் வேண்டும். அது இறுக்கமும் இல்லை, கனமும் இல்லை. அக்கா ‘எலும்போட ஒட்டிக்கிச்சு’ என்கிறாள். ‘ஒட்டு’ என்றால் மாஞ்செடி ஞாபகம் வருகிறது. ‘பற்று’ என்றால் வேறெங்கோ போகிறது. ‘அடிப்பிடிப்பு’ என்று தோன்றியது, சோறுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அடுத்த ஸ்கேன் பங்குனியில். அதற்குள் ஒரு சொல் தாருங்கள்.