அம்மாவை வீட்டிலேயே பார்ப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா?

மதுரைமணி:
அம்மாவுக்கு 78 வயது, அல்சைமர். இத்தனை வருடமும் வீட்டோடு வைத்துத்தான் பார்க்கிறோம். கொஞ்ச நாளாக ராத்திரித் தூக்கமே கிடையாது. நடுச்சாமத்தில் எழுந்துபோய் அடுப்பைத் திருகிவிடுகிறார், பற்றவைக்க மறந்துவிடுகிறார், அதனால் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறோம். மறதி நோய்க்காரர்களுக்கென்றே நடத்தும் ஓர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். சித்தப்பா வந்து "பெத்த கடனுக்கு இதுதானா" என்று கத்திவிட்டுப் போனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தஞ்சைத்தரணி:
சித்தப்பா சொன்னதில் என்ன தப்பு? பேர் மறந்தாலும் பழகின வீட்டில் கால் தானாகக் கொல்லைப்பக்கம் போகும். புது இடத்தில் கொண்டுபோய் விட்டால் இருக்கிற கொஞ்சநஞ்ச தெளிவும் போய்விடும். எங்கள் அம்மாவைக் கடைசி வரை வீட்டில்தான் வைத்திருந்தோம். 2007ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டப்படி பெற்றவர்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை ஜெயில், தெரியுமா?

கரிசல்காட்டுக்காரி:
அண்ணா, பணம் கட்டி, வாராவாரம் போய்ப் பார்த்துக்கொண்டு, நல்ல இடத்தில் சேர்ப்பது கைவிடுவதாகாது. அதே சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியவர்கள் 150 பேர் தங்குகிற மாதிரி அரசு இல்லம் கட்டலாம் என்றும் இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. சரி, உங்கள் அம்மாவுக்குக் குளிப்பாட்டி, படுக்கைத் துணி மாற்றியது யார்? நீங்களா?

தஞ்சைத்தரணி:
என் மனைவிதான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

கரிசல்காட்டுக்காரி:
அவரையே வந்து எழுதச் சொல்லுங்களேன். எங்கள் வீட்டில் மாமனாரை நான்தான் பார்த்தேன். தண்ணீர் மேலே பட்டதும் பயத்தில் கையை ஓங்குவார், சோப்பும் கையுமாக நிற்கிற எனக்கு அடி விழும். அஞ்சு நிமிஷம் கழித்து "நீ யாரு தாயி, சாப்பிட்டியா" என்று கேட்பார். அவர் மேல் கோபமே வரவில்லை. ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே பாசத்தைப் பற்றிப் பேசிய ஆட்கள் மேல்தான் வந்தது.

தஞ்சைத்தரணி:
கோபத்தில் எழுதுகிறீர்கள், புரிகிறது. ஆனால் இல்லங்களில் என்ன நடக்கிறது? ராத்திரி தொந்தரவு பண்ணினால் ஒரு மாத்திரை போட்டு மயக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

வெள்ளைக்கோட்டு (நர்ஸ்):
அந்தப் பயம் நியாயமானது. இப்படி அடக்கிவைக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் வகை மாத்திரைகள் டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே எச்சரித்துவிட்டது. ஆனால் அதே மாத்திரையை வீட்டிலும்தான் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, டாக்டரிடம் திரும்பப் போகாமல் மாசக்கணக்கில் கொடுக்கிறார்கள். இடத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

மதுரைமணி சார், நீங்கள் "கொஞ்ச நாளாக" என்று எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அல்சைமர் மெதுவாக முற்றுகிற நோய். சில நாட்களுக்குள் ஆளே மாறிப்போனால் யூரின் இன்ஃபெக்ஷனா, மலச்சிக்கலா, எங்காவது வலியா, புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு இன்ஃபெக்ஷன் வந்தால் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாக வெளிப்படுவதுண்டு. அதைச் சரிசெய்தால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் திரும்பலாம். இல்லமா வீடா என்பதை அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கரிசல்காட்டுக்காரி:
இதை எந்தச் சித்தப்பாவும் சொல்லவில்லை பாருங்கள்.

தஞ்சைத்தரணி:
டெஸ்ட் எடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எல்லோரும் இல்லத்துக்கு அனுப்பினால் இடம் எங்கே இருக்கிறது?

வெள்ளைக்கோட்டு (நர்ஸ்):
இல்லைதான். 2023ல் வந்த ஆய்வுப்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. சாதாரண முதியோர் இல்லங்கள் பல, தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் சேர்ப்பதாக இருந்தால் கட்டிடத்தின் அழகைப் பார்க்காதீர்கள். ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள், கையைக் கட்டிப்போடுவார்களா, சொல்லாமல் போனால் உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், பலருக்கும் அப்போதுதான் குழப்பம் ஏறும். அரசின் முதியோர் உதவி எண் 14567ல் விவரமும் கேட்கலாம்.

தஞ்சைத்தரணி:
என் கருத்து மாறவில்லை. அம்மா என்றால் வீடுதான்.

மதுரைமணி:
யூரின் டெஸ்டில் இன்ஃபெக்ஷன் இருக்கிறது என்றே வந்திருக்கிறது, மருந்து ஆரம்பித்துவிட்டோம். இல்லம் பார்ப்பதை நிறுத்தவில்லை, இடம் கிடைக்கவே நாளாகும் என்கிறார்கள். அதுவரைக்கும் ராத்திரி விழித்திருக்க முறை போட்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். அக்கா சனி, ஞாயிறு வருகிறாள். சித்தப்பாவுக்குப் புதன்கிழமை. நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.