தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மீஞ்சூர்: சொத்துவரி எங்கே குறைவு?

தண்டையார்பேட்டைவாசி:
அப்பா காலத்து வீடு, 580 சதுர அடி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை. திருவொற்றியூரில் 1,210 சதுர அடியில் ஒரு தனி வீடு, மீஞ்சூரில் கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்று பார்த்திருக்கிறோம். மீஞ்சூரில் வரியே கிடையாது என்று மாமனார் அடித்துச் சொல்கிறார். திருவொற்றியூரில் வரி நம் பேட்டையில் பாதிதான் என்கிறார் தரகர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் தினமும் இதே பேச்சு.

காலடிப்பேட்டைக்காரர்:
தரகர் எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்று புரிகிறது. 2022-ல் வரியை உயர்த்தியபோது, பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-ல் சென்னையோடு சேர்ந்த திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் பக்கம் அதே அளவுகளுக்கு முறையே 25, 50, 75, 100 சதவீதம். அது உயர்வின் அளவு ஐயா, வரியின் அளவு அல்ல! உங்கள் 1,210-ஐக் கவனியுங்கள். அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிய வீடு 1,200-க்குள் இருந்தால் 3,000 ஆகியிருக்கும், தாண்டியதால் 3,500. கூடுதலாக இருக்கும் 10 சதுர அடிக்கு, அதாவது குளியலறையில் கால்வாசி இடத்துக்கு, 500 ரூபாய்.

வரிப்புலி:
ஊரை ஊரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை மதிப்பு உண்டு. அதிலிருந்து ஆண்டு வாடகை மதிப்பு, அதிலிருந்து வரி. நெடுஞ்சாலை ஓரத்துக்கும் பின்தெருவுக்கும் ஒரே கணக்கு வராது. சொந்தக் குடியிருப்பா, வாடகையா, கடையா என்பதும் சேரும். வீட்டுக்காரரிடம் கடைசி அரையாண்டு ரசீதைக் கேளுங்கள். மாடியைப் பிறகு கட்டிவிட்டு மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டவர்கள் நம் பக்கம் ஏராளம். ரசீது குறைவாக இருந்தால் மகிழாதீர்கள், பரப்பளவை அளந்து பாருங்கள்.

மீஞ்சூர் ரயில்:
மீஞ்சூர் பேரூராட்சி, திருவள்ளூர் மாவட்டம். வரி உண்டு, 2022 உயர்வும் உண்டு. சென்னையில் குடிநீர் வாரியத்துக்கு என்று தனியாக ஒரு வரி கட்டுகிறீர்களே, அது இங்கே இல்லை. உங்கள் மாமனார் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வோம்.

தண்டையார்பேட்டைவாசி:
நன்றி. திருவொற்றியூர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மாவு மில் ஓடுகிறது. தரகர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வரிப்புலி:
அப்படியானால் கீழ்த்தளத்துக்கு வணிகக் கணக்கு. ரசீதில் அது குடியிருப்பு என்று இருந்தால், பத்திரம் முடியும் முன்பே வீட்டுக்காரரைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.