கொரோனா காலத்துப் பால்வாடி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு:
2020 மார்ச்சில் பூட்டியது பிள்ளைகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தோம். அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வீட்டில் மூன்று வயசுப் பையன் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டு "டீச்சர், பாட்டு" என்றான். பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் அம்மா வந்து விரல்களைப் பிரித்து எடுத்தாள். எங்கேயாவது பாட்டுச் சத்தம் கேட்டால் இன்றும் அவன் ஞாபகம்தான்.

கொடிமல்லி:
முட்டை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மையத்தில் டீச்சர் உரித்துக் கொடுத்தால் முழுசும் என் மகளுக்கு. வீட்டுக்கு வந்தால் மாமனார், கொழுந்தன், மூத்தவன் எல்லோருக்கும் பங்கு. சத்துமாவும் அப்படித்தான், வேலை இல்லாத வீட்டில் எல்லோருக்கும் கஞ்சி. எடை பார்க்கவும் ஆளில்லை. திரும்பத் திறந்து தராசில் நிறுத்தியபோது டீச்சர் எடையைப் பார்த்தார், வளர்ச்சி அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பழையபேருந்து:
சகோதரி, மூடாமல் என்ன செய்வது? அன்றைக்குத் தடுப்பூசியே கிடையாது. என் பையனுக்கும் எல்கேஜி, யூகேஜி இரண்டும் போனிலேயே போயின. மழலையர் வகுப்பு திறந்தது 2022 பிப்ரவரி 16, பள்ளி வருஷமே முடியப்போகிற நேரம். முதல் நாள் பென்சிலை முஷ்டியால் பிடித்தான்.
சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உடனே எழுதச் சொல்லாதீர்கள். சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள், புளியங்கொட்டை பொறுக்கட்டும், சட்டைப் பொத்தானை அவனே போடட்டும். விரலுக்குப் பலம் அப்படித்தான் வரும். சாப்பிடும்போது போன் வேண்டாம், பேசுங்கள். தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், சண்டை வந்தால் உடனே ஓடாதீர்கள். முறை காத்து நிற்பது, விட்டுக்கொடுப்பது எல்லாம் அங்கேதான் பழகும்.

தென்னந்தோப்பு:
தம்பி, மூடியது தப்பென்று யார் சொன்னது? திறந்த வரிசையைத்தான் கேட்கிறோம். டாஸ்மாக் 2020 மே மாதமே திறந்தது. கொரோனா கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே உள்ள அங்கன்வாடிகளைத் திறப்பது பற்றி 2021 ஜனவரி 31-க்குள் முடிவெடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. எங்கள் மையத்தில் பிள்ளைகளுக்கு உலை வைத்தது அந்த வருஷம் செப்டம்பரில். அதற்குள் எத்தனை பிள்ளைகளுக்கு ஐந்து வயசு முடிந்து, மையத்துக்கே வராமல் போனார்கள்! மாவு பிசைய வைக்கச் சொல்கிறீர்கள், சரி. அம்மா, அப்பா இருவரும் விடியற்காலையில் கூலிக்குப் போகிற வீட்டில் யார் பிசைய வைப்பார்கள்?