எதிர்ப்பு வராத இடம் என்றாலே கெட்டுப்போன மனைதானா?

திட்டவரைவு கேட்டது:
அரசு கட்டும் குறைந்த வாடகைக் குடியிருப்புகள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்திலோ பழைய ஆலை நிலத்திலோ போய் விழுகின்றன. நல்ல மனையைக் காட்டினால் அக்கம்பக்கத்தார் மரம் போகும், நெரிசல் கூடும் என்று மனு கொடுக்கிறார்கள். திட்டம் இடம் மாறிவிடுகிறது. இதில் நிஜ ஆட்சேபனை எது, சாக்கு எது என்று பிரிப்பது எப்படி? மனை குடியிருக்கத் தகுந்ததா என்று பார்க்க எந்த அறிக்கைகளைக் கேட்க வேண்டும்?

கோப்புப்புழு:
தேர்வான மனையின் கோப்பை மட்டும் புரட்டினால் பாதிதான் தெரியும். கழித்துக்கட்டிய மனைகளின் பட்டியலைக் கேளுங்கள். எது எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காகப் போனது என்று. காரணம் என்ற இடத்தில் 'பொதுமக்கள் கருத்து' என்று மட்டும் எழுதியிருந்தால், அங்கே ஆய்வு எதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

ஆட்சேபனையை உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும்: அதே உயரத்தில் அங்கே தனியார் சொகுசு அடுக்ககம் வந்தாலும் இந்தக் காரணம் நிற்குமா? மழைநீர் வடிகால் போதாது என்றால் நிற்கும். 'பகுதியின் தன்மை கெடும்' நிற்காது. வீட்டு விலை சரியும் என்பதும் பொதுவாக உண்மையில்லை. அமெரிக்காவில் வரிச்சலுகையோடு கட்டிய குறைந்த வாடகை வீடுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் டயமண்டும் மெக்வேடும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பகுதிகளில் சுமார் 160 மீட்டருக்குள் விலை 6.5% ஏறியது, வெள்ளையர் மிகுந்த வசதியான பகுதிகளில் 2.5% இறங்கியது. இறக்கம் எங்கே என்பதைக் கவனியுங்கள்.

மண்பரிசோதகர்:
பழைய ஆலை மனை என்றால் முதலில் நில வரலாறு: பழைய வரைபடங்கள், வான்படங்கள், உரிமங்கள். சந்தேகம் வந்தால் அடுத்த கட்டம் மாதிரி எடுப்பது. ஏமாற்று நடப்பது இங்கேதான். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் சராசரி அழகாக வரும், நச்சு திரண்டிருக்கும் மூலை மறைந்துபோகும். ஆழத்து மண்ணை மேல்மண்ணோடு சேர்த்தாலும் அதே கதை. குழந்தைகள் கைபடும் மேல்மண்ணைத் தனியாக எடுக்க வேண்டும். ஈயத்துக்கு 150 மைக்ரானுக்குக் கீழே சலித்த தூளைச் சோதிக்க வேண்டும், கையில் ஒட்டுவது அதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஜனவரியில் குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான வழிகாட்டு அளவை 400இலிருந்து 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஆகக் குறைத்தது. பழைய அறிக்கையில் 'வரம்புக்குள்' என்றிருந்தால் எந்த வரம்பு என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கிழக்கு சிகாகோ நகரில் வெஸ்ட் கலுமெட் குடியிருப்பு 1970களில் பழைய ஈய ஆலை நிலத்தில் எழுந்தது. 2009இல் அந்த வட்டாரம் அமெரிக்க மத்திய அரசின் நச்சு நிலத் துப்புரவுப் பட்டியலில் ஏறியது. குடியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேறச் சொன்னது 2016இல்தான்.

காற்றுவாக்கு:
சாலையோர மனைக்கு: தினம் 1,00,000 வாகனம் ஓடும் நகர்ப்புறச் சாலையிலிருந்து 500 அடிக்குள் வீடு வேண்டாம் என்பது கலிபோர்னியா காற்று வாரியத்தின் 2005 பரிந்துரை. நுண்துகள் பிஎம் 2.5க்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு வழிகாட்டு அளவு 2021 முதல் ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். அளவுக்கருவி எங்கே வைக்கப்பட்டது என்று பாருங்கள்: மனையின் பின்மூலையில், காற்று சாலைப் பக்கம் வீசும் பருவத்தில் வைத்தால் எதுவும் சிக்காது.

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் படிக்கட்டு, வண்டி நிறுத்தம், வராந்தா சாலைப் பக்கம், படுக்கையறை உள்பக்கம். காற்று உறிஞ்சும் வாய் சாலைக்கு எதிர்ப்புறக் கூரையில், நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டியோடு. வடிகட்டி மாற்றப் பராமரிப்பு நிதியில் தனித் தலைப்பு இல்லாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். காற்று வராமல் மக்கள் சன்னலைத் திறப்பார்கள், செலவெல்லாம் வீண்.

திட்டவரைவு:
இப்படி ஒவ்வொரு மனையையும் தள்ளிக்கொண்டே போனால் வீடே கட்ட முடியாதே? எதிர்ப்பவர்களுக்கும் அதுதானே வேண்டும்?

கோப்புப்புழு:
அதனால்தான் ஒரே மனைக்கு இந்தச் சோதனையைக் கேட்கக் கூடாது. எதிர்ப்பு வந்த மனைக்கும் வராத மனைக்கும் ஒரே சோதனை, ஒரே வரம்பு, முடிவுகள் ஒரே அட்டவணையில். இடமாற்றத்துக்கான காரணத்தை யாராவது கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டிவரும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் வார்டு உறுப்பினர்களுக்கு அரசுக் குடியிருப்புக்கான மனைகளைத் தடுக்கும் அதிகாரம் இருந்தது. 1966இல் தொடுத்த கோட்ரூ வழக்கில் 1969இல் நீதிமன்றம் அதை இனப்பாகுபாடு என்றது. நியூயார்க் மாநிலத்து யாங்கர்ஸ் நகரில், வீட்டு விஷயத்தில் இனப்பாகுபாடு காட்டியதாக வந்த 1985 தீர்ப்புக்குப் பிறகும் நகரமன்றம் இழுத்தடித்தது. 1988இல் முதல் நாள் 100 டாலர், பிறகு தினமும் இரட்டிப்பு என்று அபராதம் ஏறத் தொடங்கியதும் மன்றம் இறங்கி வந்தது. 200 வீடுகள் சிறு தொகுதிகளாகப் பிரித்துக் கட்டப்பட்டன. ஒரே பெரிய மனையைத் தேடாமல் சிறு மனைகளாகப் பார்த்தால் உங்கள் பட்டியலும் நீளும்.